படகின் வயது

சிங்கப்பூர்
14-5-1961

அன்புள்ள ஜுலைஹாவுக்கு மதார் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உம்மாவின் மூச்சிரைப்பு இப்போது எப்படி இருக்கிறது?

பதினோரு வருஷமாக நான் காவல் பார்க்கும் பாய்மரப் படகு போன வாரம் கைமாறிவிட்டது. துரை சீமைக்குப் போகிறார். ஒரு சீன முதலாளி வாங்கியிருக்கிறார். ஐம்பத்திரண்டில் ஊர் வந்து போனபின் துரை மறுபடி தருவதாகச் சொன்ன லீவும் அவரோடு போயிற்று. இந்த வருஷம் போகட்டும் என்கிறார் புதியவர். எனக்கும் அலுத்துவிட்டது, இருந்தாலும் நீ வருத்தப்படாதே.

படகின் கதையைப் புது முதலாளி என்னிடம்தான் கேட்டார். முப்பத்தொன்றில் ஹாங்காங்கில் கட்டியது, முதலில் ஒரு டாக்டர் வைத்திருந்தது, ஜப்பான்காரன் காலத்தில் ஒரு அதிகாரி பறித்துக்கொண்டது, சண்டை முடிந்து துரை வாங்கியது, ஐம்பத்து மூன்றில் பாய்மரம் மாற்றியது, எல்லாம் சொன்னேன்.

அவர் சிரித்துக்கொண்டே, “சரி, உன் மகளுக்கு என்ன வயசு?” என்று மலாயில் கேட்டார். ஆறு என்று சொல்லிவிட்டேன்.

படகின் பாயைச் சுருட்டும்போதுதான் உறைத்தது. ருக்கையா பிறந்த செய்தி வந்தது, அந்தப் பாய்மரம் மாற்றிய அன்று. அவளுக்கு எட்டு வயது.

சிராங்கூன் ரோட்டில் ஆறு வயதுக்கென்று ஒரு கவுன் வாங்கி வைத்திருக்கிறேன். அது இனிச் சேராது. பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி, தலையிலிருந்து கால்வரை ஒரு நூலால் அளந்து, அந்த நூலைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பு.

முதலாளி வந்துவிட்டார். நூலை மறந்துவிடாதே.

மதார்