ஒரு கப் ரைஸ்

என் அன்பு மச்சான் ஏழுமலைக்கு,

உன் முதல் வருஷப் படையல் போன ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக முடிந்தது. அங்கே உனக்கு எப்படிப் போகிறதோ தெரியவில்லை. இங்கே நான் பதினோரு கிலோ இளைத்திருக்கிறேன். நம்பமாட்டாய். பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன் என்றால் நம்புவாயா?

நீ கரும்பு டிராக்டரை எங்கள் எடைமேடையில் ஏற்றி நிறுத்தும்போதெல்லாம் ஜன்னல் வழியாகக் கத்துவேனே. "மச்சான், கீழ எறங்கு. உன்னையும் கரும்புன்னு சேத்துக்கப் போவுது!" நீ விடுவாயா? "மொதல்ல நீ அந்தச் சேர வுட்டு எழுந்திரு. அது அழுவுது பாரு!" ஊரில் ஓடுகிற வண்டியையெல்லாம் எடை போட்டவன், என் எடையைப் பார்த்ததே இல்லை. நீ போன பிறகு பயம் வந்து கள்ளக்குறிச்சிக்குப் போனேன். தொண்ணூற்றெட்டு. டாக்டர் என்னைத் திட்டவில்லை. பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே சாப்பாட்டு அளவு சொல்லித்தர ஒரு பெண் இருந்தது, என் மகள் கௌரி வயசுதான் இருக்கும்.

"மதியம் ஒரு கப் ரைஸ், அங்கிள். அதுக்கு ரெண்டு பங்கு காய். நைட்டும் அதே மாதிரி."

வீட்டுக்கு வந்து மல்லிகாவிடம் சொன்னேன். அவள் குக்கரோடு வந்த கப்பை எடுத்தாள், தலைதட்டி ஒரு கப் அரிசி அளந்தாள், தனியாக எனக்கென்று வடித்தாள். தட்டில் கொட்டினால் கல்வராயன் மலை மாதிரி நிற்கிறது. நான் வழக்கமாகத் தின்பதைவிட ஒரு கை அதிகம்.

"இவ்ளோ துன்னச் சொல்லுச்சா அந்தப் பொண்ணு?" என்றாள் மல்லிகா.

"ஒரு கப்புன்னு தானே சொல்லுச்சு. படிச்ச பொண்ணு, தெரியாமலா சொல்லும்?"

மருந்து என்று நினைத்து இரண்டு வேளையும் மிச்சம் வைக்காமல் தின்றேன். ஒரு மாதம் கழித்துப் போய் ஏறி நின்றால் நூறு. அந்தப் பெண் முதலில் மெஷினைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. விஷயத்தைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டது. "ஐயோ அங்கிள், ரைஸ்னா சோறு! வெந்த சோறு ஒரு கப்!"

நமக்கு அரிசி வேறு, சோறு வேறு. இரண்டையும் ஒரே வார்த்தைக்குள் போட்டு அடைத்த அந்த 'ரைஸ்' என்னை இரண்டு கிலோ ஏற்றிவிட்டது. எட்டாவதோடு நின்றவனுக்கு இதெல்லாம் வேண்டும்.

சரியான கப் தட்டில் விழுந்தபோது எனக்குக் கண்ணீரே வந்தது. "இத்தக் காக்காவுக்கு வெச்சாக்கூடக் கோச்சிக்கினு போயிடும்ங்க" என்றாள் மல்லிகா. ஆனால் செய்தோம் மச்சான். பெரிய தட்டைப் பரணில் போட்டோம். சோற்றுப் பானை அடுப்பங்கரையை விட்டு வெளியே வருவதில்லை. பக்கத்தில் இருந்தால் என் கை என் பேச்சைக் கேட்காது. முதலில் காய், பிறகுதான் சோறு. வெள்ளிமலைப் பக்கமிருந்து சாமை வரவழைத்து, சாமை உடம்பைக் குறைக்குமாமே என்று மூன்று கப் தின்ற கூத்தும் நடந்தது. அதையும் அந்தப் பெண் நிறுத்தியது. சாமையும் ஒரு கப்தானாம்.

இறக்கியது பெரிதில்லை, இறக்கியதை நிறுத்திவைப்பதுதான் பாடு. பொங்கலுக்கு மூன்று கிலோ சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்தது. பாரம் ஏற்றிக்கொண்டு மலை ரோட்டில் இறங்குகிறவன் பிரேக்கை ஒரு தடவை மிதித்துவிட்டுக் காலை எடுத்துவிட முடியுமா? உனக்குத் தெரியாததா? மறுபடி மிதித்தேன். அந்த மூன்றையும் இறக்கினேன்.

இதை எழுத உட்கார்ந்தது பெருமையடிக்க இல்லை, மச்சான். படையலன்று பந்தியில் ஒன்று நடந்தது.

உன் மகன் குமரன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அச்சு அசல் உன் உடம்பு. இருபத்தாறு வயசிலேயே சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று என் தங்கச்சி சாந்தி சொல்லி அழுதிருந்தாள். சோறு பரிமாறிக்கொண்டு வந்தவர் உன் பெரியப்பா மகன் கோவிந்தன் அண்ணன். இரண்டாம் தடவை வந்தபோது குமரன் இலைமேல் கையை விரித்தான்.

"போதும் பெரியப்பா."

"இன்னாடா போதும்? உங்கப்பன் பந்தியில ஒக்காந்தா மூணு தபா வாங்குவான். அவன் படையல்ல கையப் போட்டு மூடிக்கினு கீற! எட்றா கைய."

குமரன் சிரித்தான். உன் சிரிப்பு. அவன் கை மெல்ல இலையை விட்டு எழுந்தது.

எனக்குக் கௌரியின் வளைகாப்பு ஞாபகத்துக்கு வந்தது. நீயும் அப்படித்தான் கையை விரித்தாய். "போதும் மச்சான், டாக்டரு கம்மி பண்ணிக்கச் சொல்லிக்கீறாரு" என்றாய். நான் என்ன செய்தேன்? "எம் பொண்ணு விசேஷத்துல இன்னாடா டாக்டரு?" என்று உன் கையைப் பிடித்துத் தூக்கி, இரண்டு கரண்டி பிரியாணி வைக்கச் சொன்னேன். நீயும் சிரித்துக்கொண்டே தின்றாய். மூன்று மாதத்தில் போய்ச் சேர்ந்தாய். ஒரு வேளைச் சாப்பாடு யாரையும் கொல்லாது என்று டாக்டரே சொல்லிவிட்டார், நான் கேட்டுவிட்டேன். ஆனால் எத்தனை இலையில் உன் கையைத் தூக்கியிருப்பேன்? நீ ஏன் ஒரு தடவையாவது என் கையைத் தட்டிவிடவில்லை?

எச்சில் கை என்றும் பார்க்கவில்லை. என் கையைக் குமரன் கைமேல் வைத்து அழுத்தினேன்.

"அண்ணே, அவன் போதும்னுட்டான். நவுருங்க."

கோவிந்தன் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏழுமலைக்கு மட்டும் அள்ளி வெய்யி, அள்ளி வெய்யின்னு நீ சொல்லல?"

"சொன்னேங்கண்ணே. அதான் இப்ப வேணாங்கறேன்."

அண்ணன் அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனார். என் கை குமரன் கைமேலேயே இருந்தது.

"மாமா," என்றான் குமரன் மெதுவாக. "கைய எடுங்க. வெச்சத சாப்புடணும்."

திங்கட்கிழமை அவனைக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவன் எடையைக் குறைக்கும்வரை நானும் எடை ஏறாமல் இருப்பேன். ஏறினால் மறுபடி இறக்குவேன். போதும் என்று ஒருவன் சொன்னால், அது எந்த ஊர்ப் பந்தியாக இருந்தாலும், யார் வீட்டு விசேஷமாக இருந்தாலும், அவன் பக்கம் நிற்பேன். உன்மேல் சத்தியம், மச்சான்.

இப்படிக்கு,
உன் பிள்ளைக்குத் தாய்மாமன்,
உன்னிடம் இதை முன்னமே சொல்லியிருக்க வேண்டிய மச்சான்,
கலியமூர்த்தி