மூடியைச் சுற்றி அப்பா போட்ட கட்டு

பனிமய மாதா துணை

தூத்துக்குடி,
18-9-1967

அன்பு மகன் தனராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா கிருபையால் நானும் உன் தங்கச்சியும் உண்டு உறங்கி எழும்புகிறோம், அதற்கு மேல் சுகம் என்று எழுத இப்போது மனம் வரவில்லை. நீ பம்பாயில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, துறைமுக வேலை எப்படி இருக்கிறது என்று எழுதுவாய் என்று பார்த்தால் உன் கடிதத்தில் வண்டியைத் தவிர வேறொன்றும் இல்லை. நம் பிளசர் கார் எண்ணெய் ஒழுக்குகிறது என்று தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு, அப்பா போன பிறகு அது எதற்கு, காயல்பட்டினத்துக்காரர் கேட்டால் கொடுத்துவிடு என்று எழுதியிருக்கிறாய். கொடுக்கத்தான் இருந்தேன். அவரும் வந்து பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனார். அதற்குள் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பாவின் முப்பதாம் நாள் பூசைக்கு மறுநாள், உப்பளத்து முதலாளியை வாடகைக்கு ஏற்றிப்போன டிரைவர் செந்தூர்பாண்டி பாதி வழியில் திரும்பிவிட்டான். வண்டிக்குள் கருகின எண்ணெய் நாற்றம், எஞ்சின் அடியெல்லாம் கசிவு. எஞ்சின் முடிந்துபோச்சு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். காயல்காரர் வந்து போனதும், விற்கிற பொருளானாலும் நோய் தெரிந்து விற்போம் என்று வெள்ளத்துரை பட்டறைக்கு நானும் கூடவே போனேன். பொம்பளை பட்டறையில் வந்து நிற்கிறாளே என்று பார்த்தார்கள், பார்க்கட்டும். எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்த வெள்ளத்துரை, இது யார் வேலை என்று கேட்டான். மூடியின் விளிம்பைச் சுற்றி, தோணிச் சந்து அடைக்கிற குங்கிலியம் பூசின துணி, அதன்மேல் தோணிக் கயிற்றால் கட்டு. உன் அப்பா வேலைதான்.

கரைக்கு வந்து வண்டி வாங்கின பிறகும் அவர் கொழும்புக்குத் தோணி ஓட்டின தண்டலாகவே இருந்தார், சந்து கண்ட இடத்தை அடைக்காமல் அவரால் இருக்க முடியாது. படுத்த படுக்கையாய்க் கிடந்தவர், சாகிறதற்கு முந்தின வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, வண்டி முன்னால் முக்காலி போடச் சொல்லி உட்கார்ந்து, பொழுது சாயும்வரை இதைச் செய்தார். மூடியின் விளிம்பில் சின்னத் துவாரங்களைக் கண்டுவிட்டார், அதுதான் கவலை. உப்புக்காத்து எஞ்சினத் தின்னுரும்லே, நான் இல்லன்னாலும் இத ஒருத்தனும் அவுக்கப்பிடாது என்று செந்தூர்பாண்டியிடம் சொன்னார். அவனும் கட்டோடு திருகி எண்ணெய் ஊற்றி, கட்டோடு திருகி மூடினான், பாவம் வேறென்ன செய்வான்.

வெள்ளத்துரை சொன்னது இது. மைனி, இது மூச்சு விடுத மூடியாக்கும், உள்ள கம்பி வலை இருக்கு, இத அடச்சிட்டா எஞ்சினுக்குள்ள சேருத காத்து எங்கன போவும், கிடைச்ச சந்து வழியா எண்ணெயத் தள்ளிக்கிட்டு வரத்தான் செய்யும், எஞ்சினுக்கு ஒண்ணும் ஆவல என்றான். சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்தான். நான் அவன் கையைத் தடுத்தேன். இந்த மூடியை இப்படியே எனக்குக் கொடுத்துவிட்டு வேறு மூடி போடலாமா என்று கேட்டேன். இங்கே கிடைப்பதெல்லாம் துவாரமில்லாத மூடி, போட்டால் இதே கதைதான் என்றான். கையால் அவிழ்க்கப் பார்த்தேன், நகம் பிய்ந்தது, முடிச்சு அசையவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைப் பிடிக்கத் தெம்பில்லாத மனுஷன் இத்தனை இறுக்கமாக எப்படிக் கட்டினாரோ. கடைசியில் கத்தியை வாங்கி நானே அறுத்தேன். அடக்கத்தன்று இசபெல்லா கண்ணில் தண்ணீரே இல்லை என்று தெருவில் பேசினார்கள், உன் காதுக்கும் வந்திருக்கும். பட்டறையில் அத்தனை பேர் நடுவில் அழுது தீர்த்தேன். அவர் சொல்லை மீறினேனே என்றும் அழுதேன், அவர் கையால் கட்டின கடைசிக் கட்டும் போச்சே என்றும் அழுதேன்.

வலையை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, காயவைத்து, எஞ்சின் எண்ணெயில் நனைத்து உதறிப் போட்டான். நம் ஊர் காற்றுக்கு மாதம் ஒருதரம் இப்படிச் செய்யவேண்டுமாம், அடியில் இருக்கிற தக்கை வாஷர் நைந்தால் உடனே மாற்றவேண்டுமாம். கசிந்த இடத்தையெல்லாம் துடைத்துவிட்டு குலசேகரன்பட்டினம் வரை ஓட்டிப் பார்த்தார்கள், ஒரு சொட்டு இல்லை. வண்டி கொடுப்பதற்கில்லை என்று காயல்காரருக்கு ஆள் அனுப்பிவிட்டேன்.

உன் மேல் எனக்குக் கோபம் உண்டு மகனே, மறைக்கவில்லை. தந்தி கிடைத்தும் அடக்கத்துக்கு வந்துசேர முடியாது, அது எனக்குப் புரியும். முப்பதுக்கும் வராமல் வண்டியை விற்கச் சொல்லி எழுதுகிறாய் என்றால், அப்பா இல்லாத வண்டியைக் கண்ணால் பார்க்க உனக்குப் பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. நீ வந்து ஒருதரம் அதில் உட்கார்ந்து, என்னைக் கல்லறைக்குக் கூட்டிப்போய் வந்த பிறகும் விற்போம் என்று சொன்னால் நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

மாதா உன்னை நோய்நொடி அண்டாமல் காக்கட்டும். வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே. மறக்கக்கூடாத காரியம் ஒன்று, மூடியின் வலை துருவேறிப் பொடிகிறது, கிறிஸ்துமஸ் வரைதான் தாங்கும் என்கிறான் வெள்ளத்துரை. வலை வைத்த மூடி பம்பாயில் கிடைக்குமாம், அளவு இந்தக் காகிதத்தின் பின்பக்கம் வரைந்திருக்கிறேன். வாங்கித் தபாலில் போட்டுவிடாதே. கையில் கொண்டு வா.

இப்படிக்கு,
உன் அம்மா
இசபெல்லா