சீஃப் பெட்டி ஆபீசரின் மனைவி

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். காற்று வடகிழக்கு, லேசு. கப்பலை விட்டு இறங்கி இத்தனை வருஷமாகியும் காற்றை எழுதாமல் கை அடுத்த வரிக்குப் போக மாட்டேன் என்கிறது.

வசந்திக்கு ஞாயிற்றுக்கிழமை காரியம். வாங்க வேண்டியது: வாழை இலை, எள், பூசணிக்காய், ஐயருக்கு வேட்டி. இன்னும் என்னவோ சொன்னார்கள். மறந்துவிட்டது.

அவள் போன் அடித்தது. நன்னிலம் உரக்கடை. "அம்மா, யூரியா வந்துருச்சுங்க. எத்தனை மூட்டை எடுத்து வைக்க?" தெரியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். எந்த வயலுக்கு என்ன போட்டாள் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. அவள் செத்துப்போனதைச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

அழுகையும் வரவில்லை. மகள் சுதா நான் எப்போது உடைவேன் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். அதுதான் அசிங்கமாக இருக்கிறது.

மாலை, வசந்தியின் தம்பி ராஜேந்திரன் வந்தான். தெருமுனையில் கட்டப்போகும் ஃப்ளெக்ஸ் மாதிரியை போனில் காட்டினான். நடுவில் வசந்தி படம், சுற்றி ரோஜா, மேலே இரண்டு புறா. கீழே: "இந்தியக் கடற்படை கேப்டன் கோவிந்தராஜன் அவர்களின் அன்பு மனைவி."

"நான் கேப்டன் இல்லையே."

"ஊரே அப்படித்தானே அத்தான் கூப்புடுது?"

வாஸ்தவம். முதல் லீவில் வெள்ளை உடுப்போடு பஸ்ஸை விட்டு இறங்கிய அன்றே கேப்டன் ஆக்கிவிட்டார்கள். அப்போது நான் ஆகக் கடைசி மாலுமி. வசந்தி வந்த அன்றே கேப்டன் வீட்டம்மா ஆகிவிட்டாள். வாயால் கூப்பிடுவது வேறு, எழுதிக் கட்டுவது வேறு. அவள் படத்துக்குக் கீழே பொய் வேண்டாம்.

நவ. 5, புதன்

மழை விட்டிருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் கரை முட்ட ஓடுகிறது.

ராஜேந்திரன் மறுபடியும். "சரி, நீங்க என்னதான் அத்தான்? அதைச் சொல்லுங்க, போட்டுடுவோம்."

சொன்னேன். சீஃப் பெட்டி ஆபீசர். மாலுமியாகச் சேர்ந்து, லீடிங் ஆகி, பெட்டி ஆபீசர் ஆகி, அதற்கும் மேலே. ஜனாதிபதி கையெழுத்தில் கமிஷன் வாங்கி நேரே அதிகாரியானவன் கிடையாது. நாங்கள் சல்யூட் அடிப்பவர்கள், வாங்குபவர்கள் இல்லை. ஆனால் ஆபீசர் உத்தரவு போட்டுவிட்டுப் போவார், வேலை முடிந்ததா என்று கடைசியாகப் பார்க்கிற கண் சீஃபுடையது. கப்பலில் யாரும் முழுசாகச் சொல்ல மாட்டார்கள். வெறும் 'சீஃப்'. அதிலேயே எல்லா மரியாதையும் வந்துவிடும்.

"பெட்டின்னா?"

"சின்னதுன்னு அர்த்தம்."

"அக்கா படத்துக்குக் கீழ சின்ன ஆபீசர்னு போடச் சொல்றீங்களா? பாக்குறவன் சிரிப்பான் அத்தான்."

சிரிக்கட்டும் என்றேன். கோபம்கூட வரவில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன்.

சுதா: "அப்பா, இப்ப அதுவா முக்கியம்?" வேறு எதையும் பிடித்துக்கொள்ள முடியவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்ல?

நவ. 7, வெள்ளி

வெயில். கசகசப்பு. மருந்துச்சீட்டைத் தேடினேன். அதுவும் அவள் எங்கோ வைத்ததுதான். கிடைக்கவில்லை.

சென்னையிலிருந்து கமாண்டர் சார் போன். கடைசிக் கப்பலில் என்னுடைய ஆபீசர். "சீஃப், ஞாயித்துக்கிழமை வந்துடறேன். உங்க மனைவி பேர் என்ன?" வசந்தி என்றேன்.

வந்தால் அந்த ஃப்ளெக்ஸைப் பார்ப்பார். கடற்படையில் கமாண்டருக்கு மேலே கேப்டன். என்னை வேலை வாங்கிய மனிதருக்கே நான் மேலதிகாரி என்று தெருமுனையில் கட்டி வைப்பதா?

நேரே ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் ஜெயந்தி என்கிற பெண். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். பழைய பைலைக் காணோம் என்று வேறு ஏதோ ஒரு பைலைத் திறந்து, படத்தை மாற்றி, என் வரியை அடித்தாள். அப்போதே கரண்ட் போய்விட்டது. "வாட்ஸப்ல அனுப்புறேன் சார். பாத்துட்டு ஓகே போடுங்க."

சாயங்காலம் வந்தது. சீஃப் பெட்டி ஆபீசர் (ஓய்வு). விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஓகே போட்டேன். ராஜேந்திரனுக்கும் தகவல் சொன்னேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வேலையை முடித்த மாதிரி இருந்தது.

நவ. 9, ஞாயிறு

மழை. விடிவதற்குள் கடை ஆட்கள் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் பின்வழியாகக் குளக்கரைக்குப் போய்விட்டோம். எள், தண்ணீர். ஐயர் சொன்னதைச் சொன்னேன்.

வீடு திரும்பியபோது கமாண்டர் சார் தெருமுனையில் குடையை மடக்கிவிட்டு, மழையில் நனைந்தபடி ஃப்ளெக்ஸ் முன்னால் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக:

"சீஃப், வசந்தின்னுதானே சொன்னீங்க?"

நிமிர்ந்து பார்த்தேன். வசந்தியின் படம். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'சரோஜா'. ஜெயந்தி திறந்த அந்த வேறு பைலில் இருந்த யாரோ ஒருத்தி. அதற்கும் கீழே என் பேர், என் பதவி, ஒரு புள்ளிகூடத் தப்பாமல்.

ராஜேந்திரன் ஓடி வந்தான். "நீங்க ஓகே சொல்லிட்டீங்கன்னுதான் நான் பாக்கல அத்தான்." வந்தவர்கள் எல்லோரும் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள். போனில் வந்ததை நான் பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். என் வரியை மட்டும்.

அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் போட்டு அழுதேன் என்று சுதா சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. தொண்டை மட்டும் இன்னும் வலிக்கிறது.

ஜெயந்திக்கு நானே போன் போட்டேன். அந்தப் பெண்ணும் அழுதது. உடனே மாற்றித் தருகிறேன் என்றது. என் வரி வேண்டாம், எடுத்துவிடு என்றேன்.

"யாரோட மனைவின்னு போட வேண்டாமா சார்?"

"வேண்டாம். அவ பேரை மட்டும் போடும்மா. பெருசா."

மத்தியானத்துக்கு மேல் கொண்டுவந்து கட்டினார்கள். வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.