கமெராப் பெட்டிக்குக் கிடைத்த இடம்

கரைக்குப் போன படகில் உமக்கென்று இருந்த இடத்தில் ஒரு கமெராப் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனார்கள். காற்று எழும்பியதால் உம்மைக் கரையிறக்க முடியவில்லை என்று அந்தக் கப்பல் நிறுவனம் எனக்கு மூன்று தரம் எழுதிவிட்டது. மூன்று தரமும் பொய். காற்று எழும்பியது பின்னேரம். பெட்டி போனது நடுப்பகல். கடல் அப்போது தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரிக் கிடந்தது.

இதை எழுதி வைத்த பிறகுதான் மற்றதை உம்மோடு கதைக்க எனக்கு மனம் வரும்.

நேற்று உம்முடைய மகள் கிளென்ஃபீல்டிலிருந்து ஒக்லாந்துத் துறைமுகப் பாலம் கடந்து, பிளாக்ஹவுஸ் பே பக்கம் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பை. "அங்கிள், அப்பாவின்ர ஜாக்கெட். பழைய உடுப்புக் கடையில குடுக்க மனம் வரேல்லை. உங்களுக்கு அளவா இருக்கும்" என்றாள். தேத்தண்ணி குடிக்கக்கூட நிற்கவில்லை. அவள் போன பிறகு அந்தச் சிவப்பு ஜாக்கெட்டை எடுத்து உதறினேன். உள்துணிக்குள்ளிருந்து ஏதோ ஒன்று சமையலறை மேசையில் விழுந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். எள். ஒரேயொரு எள்.

கப்பலில் அந்தக் காலையில் இந்த ஜாக்கெட்டைக் குழாய் வைத்து உறிஞ்சினார்கள், இடுக்கியால் தோண்டி எடுத்தார்கள். அப்படியிருந்தும் ஒன்று தப்பியிருக்கிறது.

கப்பலில் வந்த மற்ற எல்லோரும் பறவை பார்க்க வந்தவர்கள். நீர் வந்தது அதற்கல்ல. ஈஸ்ட் டாமாக்கிச் சரக்குக் கிடங்கில் நாங்கள் இருவரும் பெட்டி அடுக்கிய காலத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பீர். உமக்கு விசா கிடைத்ததும் ஒக்லாந்து எங்கே இருக்கிறது என்று உம்முடைய தாயார் கேட்டாராம். மாமன் தேசப்படப் புத்தகத்தைத் திறந்து, பூதக்கண்ணாடி பிடித்து, நியூசிலாந்துக்கும் கீழே, வெறும் கடலுக்குள் ஈ எச்சம் போலக் கிடந்த சில புள்ளிகளைக் காட்டினாராம். ஒக்லாந்துத் தீவுகள். நகரத்துக்கும் அதே பெயர், ஆளில்லாத அந்தத் தீவுக்கூட்டத்துக்கும் அதே பெயர். மாமன் பிழையானதில் விரலை வைத்துவிட்டார். தாயார் அதைச் சுற்றி நீல மையால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அழத் தொடங்கியவர், பிறகு யார் என்ன சொல்லியும் நம்பவில்லை.

"இங்க சனம் நெருக்குதணை, பஸ் ஓடுதணை, கோயிலும் இருக்குதணை எண்டு போனில கத்துவன் ஐசே. அம்மா நம்பாது. 'என்னட்டை மறைக்காத ராசா. கதைக்க ஒரு சீவனெண்டாலும் அங்க இருக்குதோ' எண்டு கேக்கும்."

நாங்கள் சிரிப்போம். எல்லோரையும்விட நீர்தான் கூடச் சிரிப்பீர். தாயார் போன பிறகு, அவருடைய பெட்டகத்திலிருந்து அந்தத் தேசப்படத் தாள் தபாலில் உமக்கு வந்து சேர்ந்தது. அதன்பின் நீர் அந்தக் கதையைச் சொல்லவில்லை. ஒருநாள் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, யன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்: "அம்மா சாகுமட்டும் என்னை அங்கதான் வச்சிருந்தவ. ஒரு நாளெண்டாலும் அவ நினைச்ச இடத்தில நான் போய் நிக்கவேணும்."

உம்மை அங்கே கூட்டிப்போவது என்று அன்றே முடிவெடுத்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சரக்குப் பெட்டிகளில் ஒட்டியிருந்த எழுத்தையும் ஒரு பழைய அகராதியையும் வைத்துக்கொண்டு ஆங்கிலம் படித்தவன். நாங்கள் ஓய்வு பெற்ற பிறகு அந்த நிறுவனத்தின் படிவங்களை வரிக்கு வரி வாசித்து, உமக்கும் எனக்கும் நிரப்பியது நான்தான். ஆகவே அவர்கள் எழுதும் கடிதங்களில் எந்தச் சொல் எதை மூடுகிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

தெற்கு முனையில் பிளஃப் துறைமுகத்தில் கப்பல் ஏறினோம். அந்தத் தீவுகளில் வெளிச் செடி எதுவும் முளைத்துவிடக் கூடாது. அதனால் ஏறிய அன்றே எல்லோருடைய சப்பாத்து, பை, சட்டைப்பை எல்லாவற்றையும் விதை கிடக்கிறதா என்று பார்த்துத் துப்புரவாக்கினார்கள். சரியான சட்டம். சட்டத்தோடு எனக்குச் சண்டையில்லை.

அடுத்த நாள் கடல் எங்களைத் தூக்கிப் போட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நீர் கட்டிலில் சுருண்டு கிடந்தீர்.

"அம்மா இந்தக் கடலைப் பாத்திருந்தா விசாவைக் கிழிச்சு அடுப்பில போட்டிருப்பா ஐசே."

"அவ சரியாத்தான் அழுதிருக்கிறா. நாங்கள்தான் சும்மா சிரிச்சனாங்கள்" என்றேன்.

சிரிக்கப் போய் மறுபடியும் சத்தி எடுத்தீர். என் மனிசி ஒரு பேணி நிறைய எள்ளுருண்டை கட்டித் தந்திருந்தாள். வாயில் இனிப்பாக ஏதும் கிடந்தால் வயிறு அடங்கும் என்று, ஒன்றைத் தாளில் சுற்றி, கொளுக்கியில் தொங்கிய உம்முடைய ஜாக்கெட்டின் பைக்குள் வைத்தேன். நீர் கண் மூடிக் கிடந்தீர். எழும்பும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அந்தப் பை உள்ளே கிழிந்திருந்ததும் எனக்குத் தெரியாது.

கரையிறங்கும் காலையில் மறுபடியும் சோதனை. பச்சைத் தொப்பி போட்ட பயணத் தலைவன், நொறுங்கிப்போன உருண்டையை உம்முடைய பையிலிருந்து எடுத்தான். உள்துணியை அமுக்கிப் பார்த்தான். உள்ளே முழுக்க எள். உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, இது எப்படி வந்தது என்று கேட்டான்.

"என்னுடைய பிழை. மறந்துவிட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னீர்.

என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தக் கப்பல் முழுவதிலும் எள்ளுருண்டை கொண்டுவந்தது ஒரே ஒரு வீட்டுக்காரன். உமக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் கழுத்துவரை ஜாக்கெட்டைப் பூட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன்.

தலைவன் உம்முடைய தோளில் கைவைத்துச் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். ஜாக்கெட்டைத் துப்புரவாக்கித் தருகிறோம், மத்தியானப் படகில் கட்டாயம் கூட்டிப்போகிறேன் என்றான். 'கட்டாயம்' என்ற சொல்லை அவன்தான் சொன்னான்.

"நீர் போம் ஐசே. போய் நில்லும். நான் மத்தியானம் வாறன்" என்றீர்.

போனேன். நின்றேன். காற்றுக்கு முதுகு வளைத்த மரங்கள், கரையில் கிடந்து எங்களைப் பார்த்துக் குரைத்த கடற்சிங்கம், வேறு மனிதச் சுவடே இல்லை. உம்முடைய தாயார் பயந்தது நியாயம்தான். மத்தியானப் படகு வந்தபோது உம்மைத் தேடி நான் கரையோரம் போகவில்லை. அப்போது மேட்டில், வரிசையின் கடைசி ஆளாய் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். பின்னேரம் காற்று எழும்ப, அவசர அவசரமாக எங்களைக் கப்பலுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

நீர் மேல்தளத்து வாங்கில் இருந்தீர். மிதவை அங்கி கட்டியபடி. சப்பாத்து நாடா இரட்டை முடிச்சு.

"ஏன் வரேல்லை?"

"காத்தாம்" என்றீர்.

சமையற்கட்டில் வேலை செய்த அந்தப் பிஜிக்காரப் பெண்தான் எனக்கு உண்மையைச் சொன்னாள். தென்னிந்திய வழி வந்தவள், தமிழ் கொஞ்சம்தான் வரும். தேத்தண்ணி ஊற்றும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அங்கிள், அந்த போட்ல எடம் இருந்துச்சு. நான் கிச்சன் ஜன்னல்ல பாத்தேன். போட்டோ எடுக்கிறவரு பெட்டி சீட்ல ஒக்காந்து போச்சு. அதுக்கு பெல்ட்டு வேற போட்டாங்க. உங்க ஃப்ரெண்ட் கைய தூக்கினாரு. யாரும் பாக்கல."

தலைவனிடம் போனேன். வானிலை என்றான். வானிலைக்குப் பெல்ட்டுப் போட்டவன் யார் என்று கேட்டேன். நீர் வந்து என் கையைப் பிடித்து இழுத்தீர்: "விடும் ஐசே, ஆக்கள் பாக்கினம்."

பார்க்கட்டுமே! உம்மைக் கையைத் தூக்கவிட்டுவிட்டுப் போனபோது பார்க்காத ஆட்கள், நான் சத்தம் போடும்போது பார்த்தால் என்ன? அன்று என்னை இழுத்ததற்காக இன்றுவரை உம்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு கிழமையில் தபாலில் ஒரு சான்றிதழ் வந்தது. பொன் எழுத்தில் உம்முடைய பெயர். ஒக்லாந்துத் தீவுகளில் கால் பதித்தவராம். நீர் அதைத் தேசப்படத் தாளோடு சேர்த்து மேசை இலாச்சிக்குள் கவிழ்த்து வைத்தீர். உம்முடைய செத்தவீட்டில் மகள் அதைச் சட்டம் போட்டு, மாலைக்குப் பக்கத்தில் வைத்து, எழும்பி வாசித்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் பாதியில் எழுந்து வெளியே போனேன். அவளுக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கும். பொய்க்கு முன்னால் என்னால் இருக்க முடியவில்லை.

ஆனால் அந்தப் பொய்யைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அதை இனி மறைத்துப் பயனில்லை.

ஏன் கரையிறங்கவில்லை என்று மகள் கேட்டதற்கும் நீர் அதையே சொல்லியிருக்கிறீர்: பையில் எள்ளுருண்டை வைத்ததை மறந்துவிட்டேன். அவள் என்னிடம் வந்து, "அப்பாக்கு மெமரி போகத் தொடங்கீட்டுது அங்கிள். ஏறின அண்டைக்கே செக் பண்ணினவையாம், பிறகும் பொக்கெட்டில சாப்பாடு வச்சிருக்கிறார்" என்றாள். அந்த மாதமே உம்மைக் கார் ஓட்ட விடாமல் திறப்பை வாங்கி வைத்தாள். சனிக்கிழமைகளில் பாலத்தால் தனியாக ஓட்டி வந்து என் வீட்டில் சீட்டு விளையாடிய மனிதர், அதன்பின் யாராவது ஏற்றி வருவார்களா என்று பார்த்துக்கொண்டு இருந்தீர். ஒரு வருடம். பிறகு இதயம் நின்றுபோனது.

மறதியா, உமக்கா? எந்தச் சரக்கு எந்த வரிசையில், எந்தத் தட்டில் என்று கணினி தடுமாறும்போது ஈஸ்ட் டாமாக்கியில் உம்மைத்தானே கூப்பிடுவார்கள்! உம்முடைய புத்தி கடைசி நாள்வரை கத்தி. அது எனக்குத் தெரிந்திருந்தும், உம்முடைய மகள் என் சமையலறையில் நின்று அதைச் சொன்னபோது நான் கேத்திலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன்.

யார் ஐசே உம்மைக் கேட்டது, என் பிழையை உம்முடைய தலையில் போடச் சொல்லி?

சரி. செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த நிறுவனம் சான்றிதழைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். இடம் இருந்தது, கொடுக்கவில்லை என்று ஒரு கடிதம் தர வேண்டும். 'வானிலை' என்ற சொல் அதில் வரக்கூடாது. அது வரும்வரை நான் எழுதிக்கொண்டே இருப்பேன், நாலாவது கடிதம் மேசையில் இருக்கிறது. பச்சைத் தொப்பிக்காரன் தன் கையெழுத்தில் உம்முடைய மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மகள் அந்தச் சட்டத்தைக் கழற்றி, நீல வட்டம் போட்ட தேசப்படத் தாளை அதில் போட வேண்டும். உம்முடைய பேரப்பிள்ளைகளுக்கு அவள் அதை ஆங்கிலத்திலாவது சொல்லட்டும்: தாத்தா அங்கே போகவில்லை, போக விடவில்லை.

அதற்கெல்லாம் முன்னால் நான் செய்ய வேண்டியது ஒன்று. ஞாயிறு காலை கிளென்ஃபீல்டுக்கு வருகிறேன் என்று மகளுக்குச் சொல்லிவிட்டேன். அந்த உருண்டையை வைத்தது யார் என்று அவளிடம் சொல்ல வேண்டும். அதுவரை உம்முடைய ஜாக்கெட் கதவுக்குப் பின்னால் தொங்கும், நான் போடமாட்டேன். சொன்ன பிறகு அவள் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். அந்த எள் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது. அதை மட்டும் கொடுக்க மாட்டேன்.

சற்று முன் என் மனிசி வந்து, "வெறுங்கையோடயே போகப்போறியள்? எள்ளுருண்டை பிடிக்கட்டோ, அந்தப் பிள்ளைக்கு விருப்பம்" என்று கேட்டாள். அவளுக்கும் ஒன்றும் தெரியாது.

பிடி, ஆனால் முதலில் என் பக்கத்தில் வந்து இருந்து ஒன்றைக் கேள் என்று சொன்னேன்.