வதனி சொன்ன உண்மை

ஐப்பசி, புதன்கிழமை

இன்று கோப்பாயில் குழந்தையை நிறுக்கப் போன வீட்டில், தாய் வதனி பாயில் சுருண்டு கிடந்தாள். அடுத்த கருவைக் கலைக்க யாரிடமோ குளிசை வாங்கி விழுங்கியிருக்கிறாள். இரண்டு நாளாக இரத்தம் நிற்கவில்லை. உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

"ஆஸ்பத்திரி வேண்டாம் மிஸி. பொலிசுக்குச் சொல்லிப்போடுவினம்," என்று கணவன் வாசலை மறித்தான்.

"பொலிஸ் வந்தா நான் கதைக்கிறன். நீர் ஓடிப்போய் ஓட்டோவைப் பிடியும்," என்றேன். மருத்துவமாதாக இத்தனை வருடத்தில் யாரையும் இப்படி அதட்டியதில்லை.

கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லப்போகிறேன் என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் வதனி முனகினாள். ஆனால் டொக்டர் கேட்டதும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "குளிசை போட்டனான்," என்றாள். அவர் உடனே சேலைன் ஏற்றச் சொன்னார். இன்னும் பிந்தியிருந்தால் தப்பியிருக்கமாட்டாள் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கலைக்கலாம் என்கிறது சட்டம். அந்தச் சட்டத்துக்குப் பயந்தே இவள் சாகக் கிடந்தாள். இன்னும் எத்தனை வீட்டில்...

பின்னேரம் கண் விழித்துத் தேத்தண்ணி கேட்டாள். நானே பருக்கினேன். இன்றைய கிளினிக்குக்கு ஏன் வரவில்லை என்று நாளை மேலதிகாரி கேட்பார். வதனி உயிரோடு இருக்கிறாள் என்று தலை நிமிர்ந்து சொல்லுவேன்.