புட்டிப்பால் குடித்த கன்று

டெல்ஃபின்,

உன் அக்கா வீட்டில் குளிர் எப்படி? உன் சிவப்புக் கையுறை அடுப்புப் பக்கத்திலேயே கிடக்கிறது. நான் எடுத்து வைக்கவில்லை.

சட்டம் நிறைவேறிவிட்டது. ஒரு நாளாவது மனிதன் கையிலிருந்து தீனி தின்ற காட்டெருமை இனி காட்டு விலங்கு இல்லையாம். நம் மந்தையை மலைக்குத் திறந்துவிட முடியாது. நோய் இல்லையென்று காட்ட நாலு வருஷம் அடைத்துத் தீனி போடச் சொன்னவர்களும் இதே அரசாங்கத்தார்தான்.

'கையிலிருந்து தீனி தின்ற' என்ற அந்த வரி முதலில் மசோதாவில் இல்லை. நான் சட்டசபையில் பேசிய அன்று மதியம்தான் சேர்ந்தது.

நம் பழங்குடி ஜனங்களுக்கு காட்டெருமைகள் எவ்வளவு நெருக்கம் என்று புரியவைக்கத்தான் தலைநகர் ஹெலனாவில் அப்படிச் சொன்னேன். "தாய் செத்த கன்னுக்கு என் வீட்டுக்காரி அடுப்படியில வச்சு புட்டிப்பால் குடுத்தா. அவ குரல் கேட்டா இன்னைக்கும் ஓடி வரும்."

சபை உறுப்பினர் ஒருவர் சிரித்தார். "புட்டிப்பால் குடிச்சதுக்கு எதுக்குய்யா காடு? அது உங்க வீட்டு மாடு!"

அவையே சிரித்தது. நீ எழுந்து வெளியே போனாய். கார் வரை பின்னாலேயே வந்தேன். "நான் ஊட்டின பாலையே எனக்கு எதிரா சாட்சி சொல்ல வச்சிட்டியே" என்றாய். அன்றிரவே அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாய்.

நேற்று வேலியோரம் நின்று, நீ கூப்பிடுகிற மாதிரியே அந்தக் கன்றைக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மலைப்பக்கம் திரும்பி நடந்தது.

என் குரலுக்கு அது இன்னும் காட்டெருமைதான், டெல்ஃபின். இதைப் போய் எந்த அவையில் சொல்வேன்?

வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும்,
உன் வீட்டுக்காரன்