அழித்த வரி

மச்சான்,

நாவுலயிலிருந்து பஸ்ஸில் வந்த பார்சலைக் கடை மேசையில் வைத்துப் பிரித்ததும் கராம்பு மணம் மூக்கில் ஏறியது. உன் மடிக்கணினி. கராம்பு காயப்போட்ட மேசையிலேயே அதையும் வைத்து வேலை செய்வாய். விசைகளுக்கு நடுவில் இன்னும் இரண்டு மொட்டுகள் சிக்கிக் கிடக்கின்றன.

நீ இறந்துபோய் எட்டு மாதம். உன் மனைவி இதை எனக்குத் தரவில்லை, நம்மோடு பஸ் அட்டவணை பார்க்கும் வசந்திக்குத்தான் கொடுத்திருக்கிறார். அவள் எனக்கு அனுப்பியிருக்கிறாள். "பழைய நேர அட்டவணை எல்லாம் சேரோட மெயில்லதான் இருக்கு. நீங்களே வச்சிக்குங்க நானா" என்று கடவுச்சொல்லோடு ஒரு துண்டுக் காகிதம். அவளுக்கு நீ 'சேர்', நான் 'நானா', அதாவது அண்ணன். நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. உன் பொருளை எனக்குத் தர அவள் யார்?

மாத்தளை மாவட்டத்து பஸ் நேரங்களைச் சொல்லும் நம் மென்பொருளை யாரும் திறந்து பார்க்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். ஏற்றுக்கொள்ளும் உரிமை மட்டும் உனக்கும் எனக்கும். ஆறு வருடம் அப்படித்தான் இருந்தது. எனக்கு அது போதும். உனக்குப் போதவில்லை. நாவுலயில் மரக்கறி சேகரிப்பு நிலையத்தில் வேலை செய்யும் வசந்தி திருத்தம் அனுப்பத் தொடங்கினாள். அவளுடைய ஒவ்வொரு திருத்தத்துக்கும் கீழே நீ நாலு கேள்வி எழுதுவாய். பதில் வரும்வரை நாட்கணக்கில் காத்திருப்பாய். என் திருத்தத்துக்குக் கீழே ஒரே சொல்: "ஓகே".

ஒரு நாள் கேட்டும் விட்டேன். நீ சிரித்தாய். "ஒன்கிட்ட கேள்வி கேட்டா ஒனக்குக் கோவம் வருது மச்சான். அவ ஒக்காந்து யோசிக்கிறா."

அந்த வாரம்தான், அவளுக்கும் உரிமை கொடுக்கப் போவதாகச் சொன்னாய். அதே வாரம் அவள் அனுப்பிய திருத்தம் என் பார்வைக்கு வந்தது. பௌர்ணமி விடுமுறையான போயா நாளையும் ஞாயிற்றுக்கிழமையையும் ஒரே கணக்கில் எடுத்திருந்தாள். நாவுலயிலிருந்து காலையில் புறப்படும் முதல் பஸ் ஞாயிறு ஓடும், போயாவுக்கு ஓடாது. பார்த்ததும் தெரிந்தது. "போயாவுக்கு இது சரிவராது" என்று எழுதிப் பதிந்தேன். ஒரு நிமிடம் கழித்து அந்த வரியை அழித்துவிட்டு, ஏற்றுக்கொண்டேன். அவள் விழுவதை நீ பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். இதை அழகாகச் சொல்ல வழியில்லை.

போயா அன்று காலை, பௌர்ணமிப் பூசைக்குப் பூத்தட்டோடு புறப்பட்டவர்கள் வராத பஸ்ஸுக்காக இரண்டு மணி நேரம் நின்றார்கள். அவர்களில் வசந்தியின் அம்மாவும் ஒருவர். "பிழை என்னுடையது" என்று வசந்தி எல்லோரும் பார்க்கும்படி எழுதினாள். மத்தியானத்துக்குள் திருத்தியும் விட்டாள். இனி எந்த விடுமுறையிலும் அப்படி நடக்காதபடி ஒரு சோதனையும் சேர்த்தாள்.

பின்னேரம் நீ கடைக்கு வந்தாய். உரிமை கொடுக்க இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும். பரிந்துரையில் புகழ் எழுதக்கூடாது, அவர் செய்த ஒரு பிழையையும் அதை எப்படித் திருத்தினார் என்பதையும் எழுத வேண்டும். உன் சட்டம்.

"நீயே எழுது. அந்தப் பிழைய மொதல்ல பாத்தது நீதானே" என்றாய்.

பால் விடாத பிளேன்டீ ஒன்றை ஊற்றி உன் முன்னால் வைத்தேன்.

"கமெண்ட் பதிஞ்சதும் மெயில் வந்திரும். கமெண்ட அழிச்சா மெயில் அழியாது மச்சான். நான்தான் இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் தொறந்து பாக்கல."

"அவளுக்கும் போயிருக்குமா?"

நீ பிளேன்டீயைக் குடித்து முடித்துவிட்டு, விசைப்பலகையை என் பக்கம் தள்ளினாய். நான் அவளுடைய பிழையை எழுதினேன், என்னுடையதை எழுதவில்லை. சம்மதம் என்றும் எழுதினேன். மெயில் உனக்கு மட்டும்தான் வந்தது என்று இத்தனை நாளும் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

இன்று அட்டவணை தேடப் போய், அந்தப் போயா நாளில் அவள் உனக்கு எழுதியது கண்ணில் பட்டது. "நானா எழுதிட்டு அழிச்சது எனக்கும் வந்திச்சி சேர். இப்பதான் பாத்தேன். அவர்கிட்ட ஒன்னும் கேக்காதீங்க. எழுதினது நான்தானே." கீழே உன் பதில்: "நீ கேட்கமாட்டாய். நான் கேட்பேன். அவன் என் சிநேகிதன்."

வெட்கப்பட வேண்டிய இடம், தெரியும். வெட்கமும் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வந்தது பொறாமைதான். என்னைக் காப்பாற்றுவதற்குக்கூட நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஓர் இரகசியம் வைத்திருந்தீர்கள். அதில் எனக்கு இடமில்லை. இவ்வளவு தெரிந்த பிறகும் இந்த மடிக்கணினியை அவள் எனக்கே அனுப்பியிருக்கிறாள். அது இன்னும் எரிகிறது.

யட்டவத்தையிலிருந்து புதிதாக ஒருவர் திருத்தம் அனுப்பியிருக்கிறார். பிழை இருக்கிறது. உன் மடிக்கணினியிலேயே திறந்து, வழக்கம்போல நானே சரிசெய்யக் கை வைத்தேன். எடுத்துவிட்டேன். "நோன்புப் பெருநாள் அன்று இந்த பஸ் எத்தனை மணிக்கு?" என்று ஒரே கேள்வி எழுதினேன். அதற்குக் கீழே வசந்திக்கு ஒரு வரி: "அந்தப் போயாப் பிழையில் பாதி என்னுடையது."

இரண்டையும் பதிந்தேன். அழிக்கவில்லை.